ஒரு டன்னுக்குள் ஒரு மலையேறி

இரண்டாம் உலகப் போர் முடிந்து நான்காண்டுகள் கழித்து, மோட்டார் சைக்கிளுக்கு மேல் எதையும் வாங்க வசதியற்றிருந்த குடும்பங்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் எட்டும் விலையில் நான்கு சக்கர வண்டிகள் உருவாக வேண்டும் என்ற நோக்கில், ஜப்பான் அரசு ‘கேய்’ என்னும் சிற்றூர்தி வகையைச் சட்டத்தில் சேர்த்தது. இந்த வகைக்குரிய வரிச் சலுகைகளைப் பெற வேண்டுமானால் வண்டி 3 மீட்டர் நீளத்தையும் 1.3 மீட்டர் அகலத்தையும் தாண்டக் கூடாது, எஞ்சினின் கொள்ளளவு 360 சிசிக்குள் அடங்க வேண்டும் என்பது 1960களில் நிலவிய வரம்பு. ஹோப் மோட்டார் என்னும் சிறு நிறுவனம் அந்த வரம்புக்குள் நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றை, அதாவது எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் சேர்ந்தே செல்லும் வண்டி ஒன்றை, மிட்சுபிஷியிடம் வாங்கிய எஞ்சினைக் கொண்டு உருவாக்கிச் சொற்ப எண்ணிக்கையில் விற்றது. அதைத் தொடர்ந்து செய்யும் வசதி அந்த நிறுவனத்துக்கு இருக்கவில்லை. 1968இல் சுசுகி நிறுவனம் அந்த வடிவமைப்பின் உரிமையை வாங்கிக்கொண்டு, தன் சொந்த எஞ்சினைப் பொருத்தி, 1970 ஏப்ரலில் எல்.ஜே.10 என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. காற்றால் குளிரூட்டப்படும் 359 சிசி இரட்டை உருளை எஞ்சின், 25 குதிரைத்திறன், மணிக்கு 75 கிலோமீட்டர் உச்ச வேகம் என்பவையே அதன் தகுதிகள். ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டினால் நீளம் 3 மீட்டரைத் தாண்டிவிடும் என்பதால் அதை வண்டிக்குள்ளேயே வைத்தார்கள், அதனால் நான்காவது ஆள் உட்கார வேண்டிய இடம் பறிபோனது.

ஜிம்னி என்ற பெயரில் இன்றும் நீடிக்கும் இந்தக் குலத்தின் இந்தியக் கிளை, 1985 டிசம்பரில் மாருதி நிறுவனம் அறிமுகப்படுத்திய ஜிப்சி. வெறும் வண்டியின் எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு, அதாவது 985 கிலோ. அகலம் 1,540 மில்லிமீட்டர். எஞ்சின் முதலில் 970 சிசி, 1996க்குப் பிறகு 1,298 சிசி. புலிக் காப்பகங்களின் செம்மண் தடங்களிலும் ராணுவ முகாம்களிலும் காவல்துறை வாகன வரிசைகளிலும் ஒரு தலைமுறைக் காலம் நிலைத்திருந்த இந்த வண்டியை, இரண்டு மடங்கு எடையும் மூன்று மடங்கு ஆற்றலும் கொண்ட வண்டிகள் சிக்கி நிற்கும் இடத்தைக் கடந்து போகும் வண்டி என்று அதை ஓட்டியவர்கள் சொல்வது வழக்கம். அந்தப் பேச்சில் மிகை உண்டு என்றாலும் அடிப்படையில் அது இயற்பியலுக்குப் பொருந்துகிறது. வரிச் சட்டம் திணித்த சிறுமை கரடுமுரடான நிலத்தில் எவ்வாறு வலிமையாக மாறியது என்பதும், அதே சிறுமைக்கு நெடுஞ்சாலையில் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதும் இந்த அத்தியாயத்தின் பொருள்.

முதலில், எடை குறைவாக இருப்பதால் எந்த நன்மை கிடைப்பதில்லை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பாறை போன்ற கெட்டியான சரிவில் ஒரு வண்டி நழுவாமல் ஏறுவதற்கு, அதைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பின் கூறைவிட டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிப்பு அதிகமாக இருக்க வேண்டும். அந்தப் பிடிப்பு, டயர் தரையை எவ்வளவு அழுத்துகிறதோ அதற்கு விகிதமாகக் கூடும். அந்த விகிதத்தையே உராய்வு எண் என்கிறார்கள். கீழே இழுக்கும் விசையும் எடைக்கு விகிதமானது, மேலே ஏற்றும் பிடிப்பும் எடைக்கு விகிதமானது என்பதால், இரண்டையும் ஒப்பிடும்போது எடை கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது. அதாவது, ஒரே டயரும் ஒரே தரையும் இருந்தால், பிடிப்பு அனுமதிக்கும் சரிவு ஒரு டன் வண்டிக்கும் மூன்று டன் வண்டிக்கும் ஒன்றே. எத்தனை சக்கரங்கள் இயங்குகின்றன என்பதே இங்கே வேறுபாட்டை உண்டாக்குகிறது. சரளைக் கல் பரவிய சரிவில் உராய்வு எண் 0.4 என்று கொண்டால், வண்டியின் முழு எடையையும் பிடிப்பாக மாற்றிக்கொள்ளும் நான்கு சக்கர இயக்க வண்டி கிட்டத்தட்ட 22 பாகைச் சரிவு வரை ஏறும்; எடையில் பாதி மட்டுமே இயங்கும் சக்கரங்களின் மேல் விழும் சாதாரணக் கார் 11 பாகையைத் தாண்டியதும் சக்கரம் சுழன்று நின்றுவிடும்.

நிலம் மென்மையாக இருக்கும்போதுதான் எடை மீண்டும் கணக்குக்குள் வருகிறது. மணலிலும் சேற்றிலும் டயர் உருள்வதோடு அமிழவும் செய்கிறது. அமிழ்ந்த டயர் தனக்கு முன்னால் குவியும் மண்ணை ஒவ்வொரு கணமும் நசுக்கித் தள்ளிக்கொண்டே முன்னேற வேண்டியிருப்பதால், பிடிப்பாகப் பயன்பட வேண்டிய விசையின் பெரும்பகுதி அந்த மண்ணோடு போராடுவதிலேயே தீர்ந்துபோகிறது. அமிழும் ஆழத்தையும் மண்ணின் எதிர்ப்பையும் கணக்கிடும் துறைக்கு நில இயக்கவியல் என்று பெயர் சூட்டலாம். அதற்கு அடித்தளம் இட்டவர் போலந்தைச் சேர்ந்த பொறியாளர் மியெசிஸ்லாவ் பெக்கர். 1950களில் இந்தப் பொருள் பற்றி முதல் விரிவான நூலை எழுதிய அவர், பின்னர் அமெரிக்காவின் அப்போலோ பயணங்களில் நிலவின் புழுதியில் ஓடிய ஊர்தியின் சக்கர வடிவமைப்பிலும் பங்கேற்றார். பெக்கரின் சமன்பாடுகள் சொல்வது, சேற்று வயலைக் கடக்கப் பலகை போட்டு நடக்கும் உழவருக்குத் தெரியாததன்று: பரப்பு கூடினால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் அமிழ்வும் குறையும்.

டயர் விஷயத்தில் இந்த விதி எதிர்பாராத எளிமையோடு செயல்படுகிறது. காற்றடைத்த டயர் தரையில் செலுத்தும் அழுத்தம், அதன் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குத் தோராயமாகச் சமம். பக்கச்சுவரின் விறைப்பு சிறிதளவு எடையைத் தாங்குவதை விட்டுவிட்டால், எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தாலே தரையைத் தொடும் பரப்பு கிடைத்துவிடும். இருவரும் அவர்களது சாமான்களும் ஏறிய ஜிப்சியில் ஒரு டயருக்கு ஏறக்குறைய 290 கிலோ வீதம் விழுகிறது. சாலையில் வழக்கமாக அடைக்கும் அளவான, சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தத்தில், ஒரு டயர் தொடும் பரப்பு 140 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காற்றைப் பாதியாகக் குறைத்தால் அது 275 சதுர சென்டிமீட்டருக்கு விரிகிறது. டயரின் அகலம் மாறுவதில்லை என்பதால், இந்த விரிவு பெரும்பாலும் நீள்வாட்டில் நிகழ்ந்து, டயர் ஒரு சிறு பட்டைச் சங்கிலியைப் போல் மண்ணின் மேல் படிகிறது. இரண்டரை டன் வண்டியிலும் இதே போலக் காற்றை இறக்கலாம், பாலைவனங்களில் ஓட்டுபவர்கள் இறக்கவும் செய்கிறார்கள். ஆயினும் அங்கே ஒவ்வொரு டயரும் 600 கிலோவுக்கு மேல் சுமப்பதால், பக்கச்சுவர் பிதுங்கி விளிம்பிலிருந்து கழன்றுவிடும் நிலை வெகு விரைவில் வந்துவிடுகிறது. மணலில் புதைந்து நின்றுவிட்டாலும், ஒரு டன் வண்டியை நான்கு பேர் சேர்ந்து அசைத்துத் தள்ளிவிட முடியும் என்பது எந்தச் சமன்பாட்டிலும் இடம்பெறாத நன்மை.

உருவம் பெருகும்போது பரப்பைவிட எடை வேகமாகக் கூடுவதன் காரணத்தைக் கலிலியோ 1638இல் வெளியான தம் நூலிலேயே விளக்கிவிட்டார். ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகும், கன அளவும் அதனோடு சேர்ந்து எடையும் எட்டு மடங்காகும். எனவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைப் போல் இரண்டு மடங்கு சுமக்க வேண்டியிருக்கும். பெரிய விலங்குகளின் எலும்புகள் உடல் அளவுக்கு மிஞ்சித் தடித்திருப்பதற்குக் கலிலியோ காட்டிய இந்தக் காரணம், பெரிய வண்டிகளின் அச்சுகளும் பற்சக்கரங்களும் தடித்திருப்பதற்கும், அப்படித் தடிப்பதாலேயே அவை மேலும் கனத்துப்போவதற்கும் பொருந்தும். உண்மையான வண்டிகள் இவ்வளவு கறாரான விகிதத்தில் வளர்வதில்லை, அவற்றின் உட்புறம் வெற்றிடமே. என்றாலும் போக்கு இதுதான்.

எடைக்கு அடுத்தபடியாக வடிவியல் வருகிறது. இங்கே சிறிய வண்டியின் மேன்மையைக் கோணமானியால் அளந்துவிடலாம். முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து முன் பம்பரின் கீழ்விளிம்பு வரை வரையும் கோடு தரையோடு அமைக்கும் கோணம் அணுகு கோணம் எனப்படும். மேட்டில் முட்டாமல் ஏறத் தொடங்குவதற்கு அதுவே எல்லை. பின்பக்கத்தில் இதற்கு இணையானது விலகு கோணம். மூன்றாவது, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே ஒரு வரப்போ பாறையோ வரும்போது வயிறு உரசாமல் கடக்க உதவும் முகட்டுக் கோணம். முதலிரண்டையும் பம்பரை வெட்டிக் கூட்டிக்கொள்ளலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் முகட்டுக் கோணம் வயிற்றின் உயரத்தோடு இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரத்தையும் சார்ந்திருப்பதால் அதை மாற்றுவது அவ்வளவு எளிதன்று.

2018இல் வந்த மூன்று கதவு ஜிம்னியில் அச்சிடைத் தூரம் 2,250 மில்லிமீட்டர், முகட்டுக் கோணம் 28 பாகை. குடும்பத்தோடு செல்லவும் பின்னிருக்கையில் ஏறி இறங்கவும் வசதி தேவை என்று கருதி மாருதி நிறுவனம் 2023இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்த ஐந்து கதவு ஜிம்னியில் அச்சிடைத் தூரம் 340 மில்லிமீட்டர் நீண்டு 2,590 ஆனது, கோணம் 24 பாகையாகக் குறைந்தது. பள்ளிக்கூட முக்கோணவியலைக் கொண்டு இரண்டு கோணங்களிலிருந்தும் வயிற்றின் உயரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், இரண்டு வண்டிகளுக்கும் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் என்ற ஒரே விடை கிடைக்கிறது. அதாவது வயிற்றின் உயரம் மாறவில்லை, நான்கு பாகை இழப்பு முழுவதும் நீளம் வாங்கிய விலை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்த ஜிப்சியின் அச்சிடைத் தூரம் 2,375 மில்லிமீட்டர், இவை இரண்டுக்கும் இடைப்பட்டது. இந்த விலையைக் கொடுக்கப் பலரும் தயாராகவே இருக்கிறார்கள்: குர்கானில் தயாராகும் ஐந்து கதவு ஜிம்னியை 2025 ஜனவரி இறுதியில் ஜப்பானில் நோமேட் என்ற பெயரில் அறிவித்தபோது, சில நாட்களிலேயே 50,000 பேர் பதிந்துவிட்டதால், சுசுகி மேற்கொண்டு பதிவு ஏற்பதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

எஞ்சின் சிறிதாக இருப்பது குறைபாடாகாமல் போனதற்குக் காரணம், கியர் பெட்டிக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் இரண்டாவது பற்சக்கரப் பெட்டி. எஞ்சினின் விசையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்து அனுப்புவது இதன் முதல் வேலை. இதிலுள்ள ‘லோ’ என்னும் நிலைக்கு மாற்றும்போது, எல்லா கியர்களின் வேகத்தையும் குறைத்து அதே விகிதத்தில் விசையைப் பெருக்குவது இரண்டாவது வேலை. ஜிப்சியின் உடன்பிறப்பான, அமெரிக்காவில் சாமுராய் என்ற பெயரில் விற்கப்பட்ட 1.3 லிட்டர் வண்டியை எடுத்துக்கொண்டால், முதல் கியரின் விகிதம் 3.652, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம் 2.268, அச்சிலுள்ள இறுதிப் பற்சக்கரத்தின் விகிதம் 3.727; மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 31 வருகிறது. எஞ்சின் 31 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்பது இதன் பொருள். எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றும்போது, 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில், நடந்து போகும் மனிதனின் வேகத்தில், உருளும்.

வேகம் குறைந்த அளவுக்கு முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசை, பெருகுகிறது. அத்தகைய எஞ்சின் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தரும்; இன்றைய சிறு குடும்பக் கார்களே இந்த அளவை எளிதில் எட்டிவிடுகின்றன. அது 31 மடங்காகப் பெருகி, 33 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பில் வெளிப்படும்போது, பற்சக்கர இழப்புகளை ஒதுக்கிவிட்டால், 9,000 நியூட்டனைத் தாண்டுகிறது. வண்டியின் சொந்த எடையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். தன் எடைக்கு நிகரான விசையால் தன்னைத் தள்ளிக்கொள்ளக்கூடிய வண்டிக்கு இனி எஞ்சினின் ஆற்றல் ஒரு தடையன்று. அதற்கு வெகு முன்பே டயரின் பிடிப்பு தீர்ந்துபோகும். எனவே பிடிப்பு அனுமதிக்கும் அளவுக்கு மேல் குதிரைத்திறன் இருந்து என்ன பயன் என்ற கேள்விக்கு, மலைத்தடத்தைப் பொறுத்தவரை, பயன் சொற்பம் என்பதே விடை. இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள், கல் பெயர்ந்த தடத்தில் பெரும்பாலும் நடைவேகத்திலேயே ஊர்ந்து ஏறுவதைப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படாது.

ஆற்றல் உண்மையிலேயே பற்றாக்குறையாகும் இடம் உயரம். சிலி நாட்டின் எல்லையிலுள்ள ஓஹோஸ் டெல் சலாடோ எரிமலையில், 2007 ஏப்ரலில், கோன்சாலோ பிராவோ, எட்வர்டோ கனாலஸ் என்ற இரு சிலி நாட்டவர்கள் மாற்றியமைக்கப்பட்ட ஒரு சாமுராயை 6,688 மீட்டர் உயரம் வரை ஓட்டிச் சென்று அக்கால உலகச் சாதனையைப் படைத்தார்கள். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான்; ஒவ்வொரு முறையும் பாதி அளவு ஆக்சிஜனையே உள்ளிழுக்கும் எஞ்சின் பாதி அளவு எரிபொருளையே எரிக்க முடியும். அந்த இழப்பை ஈடுகட்டக் காற்றை அழுத்தி உட்செலுத்தும் சூப்பர்சார்ஜர் என்னும் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். அவர்கள் முறியடித்த முந்தைய சாதனை, அவர்களது வண்டியைவிடப் பல நூறு கிலோ கனமான ஜீப் ரேங்க்ளருடையது.

விசை நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேருவதற்கு இடையில் ஒரு சிக்கல் உண்டு. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் போக வேண்டியிருப்பதால், ஒவ்வொரு அச்சின் நடுவிலும் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி இருக்கிறது. சமதளத்தில் இன்றியமையாத இந்த ஏற்பாடு, ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது பகையாகிவிடுகிறது: எதிர்ப்பே இல்லாத அந்தச் சக்கரம் வீணாகச் சுழல, அதன் இணைக்கும் அதே சொற்ப விசைதான் கிடைக்கிறது. முன்னச்சில் ஒன்றும் பின்னச்சில் ஒன்றுமாக மூலைவிட்டத்தில் இரண்டு சக்கரங்கள் பிடிப்பிழந்தால், நான்கு சக்கர இயக்கம் என்ற பெயர் இருந்தும் பழைய ஜிப்சி அசையாமல் நின்றுவிடும். இன்றைய ஜிம்னி, வீணாகச் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் மின்னணுக் கட்டுப்பாட்டின் மூலம் தானாகவே பிரேக் போட்டு, அந்த எதிர்ப்பைக் கொண்டே மறுபக்கச் சக்கரத்துக்கு விசையை வரவழைக்கிறது.

முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையில் இந்த வண்டிகளில் டிஃபரன்ஷியல் கிடையாது. நான்கு சக்கர இயக்கத்தில் இருக்கும்போது இரண்டு அச்சுகளும் ஒரே வேகத்தில் சுழலக் கட்டுண்டவை. வளைவில் முன்னச்சு பின்னச்சைவிட நீண்ட பாதையில் செல்வதால், தார்ச்சாலையில் இந்த இயக்கத்தோடு திருப்பினால், வேக வேறுபாடு வெளியேற வழியின்றிச் சுழல்தண்டுகளில் முறுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். மண்ணில் டயர் சற்று வழுக்கி அந்த முறுக்கைத் தானே அவிழ்த்துவிடும், தாரில் அதற்கு வழியில்லை. பழைய வண்டி வாங்கிய புதிதில் மழைக்காலம் முழுவதும் பாதுகாப்புக்காக என்று எண்ணி நான்கு சக்கர இயக்கத்திலேயே ஓட்டுபவர்கள் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பழுதாக்கிக்கொள்வது இதனால்தான்.

சக்கரங்களைத் தரையோடு பொருத்தி வைப்பதில், இரு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டு இணைக்கும் திட அச்சு என்ற பழைய ஏற்பாடு இன்னும் தோற்கவில்லை. ஒரு சக்கரம் பாறை மேல் ஏறும்போது தண்டு சாய்ந்து மறு சக்கரத்தைப் பள்ளத்துக்குள் அழுத்துகிறது. டிஃபரன்ஷியல் உள்ள பகுதி சக்கரங்களோடு சேர்ந்தே உயர்வதால் அதன் அடியில் உள்ள இடைவெளியும் குறைவதில்லை. ஆனால் இந்தத் தண்டும் சக்கரங்களும் பிரேக்குகளும் ஸ்பிரிங்குகளுக்குக் கீழே இருப்பவை. சாலையின் ஒவ்வொரு மேடும் முதலில் இவற்றைத்தான் தூக்கி எறிகிறது. ஸ்பிரிங்குகளுக்கு மேலே உள்ள உடல் கனமாக இருந்தால் அந்த உதையை விழுங்கிக்கொள்ளும். உடல் இலேசாகவும் அச்சு கனமாகவும் இருந்தால் உதை அப்படியே இருக்கைக்கு வந்து சேரும். எடைக்குறைவு தன் முதல் விலையை வாங்கிக்கொள்வது இங்கேதான். ஜிப்சியின் முன்னும் பின்னும் மாட்டு வண்டிக் காலத்திலிருந்து தொடரும் கமான் பட்டைகள் இருந்தன. 500 கிலோ சுமந்தாலும் தாங்க வேண்டும் என்று கணக்கிட்டுச் செய்த அந்தப் பட்டைகள், ஓட்டுநர் மட்டும் ஏறியிருக்கும்போது வளைந்துகொடுக்க மறுத்தன. பிற்கால ஜிம்னிகளில் சுருள் ஸ்பிரிங்குகள் வந்தபின் நிலைமை சற்றுத் தேறியது என்றாலும், திட அச்சுக்கே உரிய இன்னொரு நோய் நீங்கவில்லை: கிங்பின் எனப்படும் திருப்பு அச்சின் பேரிங்குகள் தேய்ந்தாலோ சக்கரத்தின் எடைச்சமன் பிசகினாலோ, மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு இடையே ஏதோ ஒரு புள்ளியில் அதிர்வெண்கள் ஒத்துப்போய், ஸ்டீயரிங் கையில் நில்லாமல் ஆடத் தொடங்கும்.

இரண்டாவது விலை கவிழ்தல். ஒரு வண்டியின் இடப்பக்க, வலப்பக்கச் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில் பாதியை, அதன் ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண்ணை நிலைத்த உறுதிக் காரணி என்கிறார்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் கணக்குப்படி சாதாரணக் கார்களுக்கு இது பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரையிலும், உயரமான வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரையிலும் இருக்கும். உலர்ந்த தாரில் டயரின் உராய்வு எண் 0.8, 0.9 என்ற அளவுக்கு உயரும் என்பதால், காரணி 1.0ஐ நெருங்கும் வண்டியைத் திடீரென்று ஒடித்தால், அது வழுக்குவதற்கும் கவிழ்வதற்கும் இடையிலான இடைவெளி மிகக் குறுகியது. அந்த நிலையில் பக்கவாட்டில் ஒரு கல்லோ பள்ளமோ தடுக்கினால் கவிழ்ந்தே தீரும். மலைத்தடத்தில் நுழைய உதவும் குறுகிய அகலமும், பாறைக்கு மேல் வயிற்றைத் தூக்கி நிறுத்தும் உயரமும் இந்தக் காரணியின் இரு முனைகளையும் ஒருசேரக் கெடுக்கின்றன.

அமெரிக்காவில் இது வழக்காகவே மாறியது. 1988இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், தடையைத் தவிர்க்கச் சட்டென்று ஒடித்துத் திருப்பும் சோதனையில் சாமுராய் எளிதில் கவிழும் நிலைக்குப் போவதாகக் கூறி, அதை ஏற்கத்தகாத வண்டி என்று அறிவித்தது, விற்பனை சரிந்தது. அதே ஆண்டில் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, இந்த வகையின் பிற வண்டிகளைவிட சாமுராய் தனித்த ஆபத்துடையது என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று கூறி, விசாரணை கோரிய மனுவை நிராகரித்தது. வண்டி கவிழும் வரை சோதனைத் தடத்தை மாற்றியமைத்தார்கள் என்று குற்றஞ்சாட்டி 1996இல் சுசுகி தொடுத்த வழக்கு, எந்தத் தரப்பும் பணம் கொடுக்காமல் 2004இல் சமரசத்தில் முடிந்தது. யார் சொன்னது சரி என்ற கேள்வியைவிட, இரு தரப்பின் வாதத்திலும் உண்மை இருந்தது என்பதே கவனத்துக்குரியது: சாமுராய் தன் இனத்தில் விதிவிலக்கன்று, ஆனால் அந்த இனமே சாதாரணக் காரைவிட எளிதில் கவிழக்கூடியது. ஜிப்சியை இந்தியச் சந்தையிலிருந்து 2019இல் வெளியேற்றியதும் காற்றுப்பை, மோதல் சோதனை போன்ற பாதுகாப்பு விதிகள்தான்; 1980களின் கூட்டில் அவற்றைப் புகுத்துவதற்குப் புதிய வண்டியையே செய்துவிடலாம்.

மூன்றாவது விலை சுமைத்திறன். இந்திய ராணுவத்தின் வகைப்பாட்டில் ஜிப்சி 500 கிலோ சுமக்கும் பொதுப்பணி வண்டி. அதற்கு மாற்றாக 2017இல் டாட்டா நிறுவனத்திடம் ராணுவம் கேட்டுப் பெற்ற 3,192 சஃபாரி ஸ்டார்ம் வண்டிகள் 800 கிலோ வகையைச் சேர்ந்தவை. 500 கிலோ என்ற எல்லையைத் தனி உரிமையாளர்கள் பெரும்பாலும் நினைவில் வைப்பதில்லை. ஐந்து பேர் ஏறினாலே 350 கிலோ ஆகிவிடும். எஞ்சியிருக்கும் 150 கிலோவை எஃகு பம்பரும், சேற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும் வின்ச்சும், கூரைத் தட்டும், அதன் மேல் ஏற்றிய எரிபொருள் கேன்களும் தின்றுவிடுகின்றன. சுமையில் ஸ்பிரிங்குகள் தாழ்ந்து அடிவயிறு இறங்கியதும், அதை உயர்த்த உடலைத் தூக்கும் ஸ்பிரிங்குகளும் பெரிய டயர்களும் வாங்கப்படுகின்றன. டயரின் விட்டம் பத்து விழுக்காடு கூடினால் சக்கரத்தின் விளிம்பில் கிடைக்கும் விசை ஏறக்குறைய அதே அளவு குறையும் என்பதால், அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸின் பற்சக்கரங்களை மாற்ற வேண்டியிருக்கிறது. ஈர்ப்பு மையம் உயர்ந்துவிட்டதால் சக்கரங்களை வெளியே தள்ளி அகலத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது, அந்த அகலம் கிங்பின் பேரிங்குகளின் மேல் நெம்புகோலாக அழுத்தி அவற்றை விரைவில் தேய்க்கிறது. பெருஞ்செலவில் நடக்கும் இந்தத் தொடரின் முடிவில் எஞ்சுவது, எடையிலும் அகலத்திலும் பெரிய வண்டிகளை எட்டிவிட்ட, ஆனால் அவற்றின் எஞ்சினும் சொகுசும் இல்லாத ஒரு வண்டி.

பணத்துக்கு மிக அதிகப் பயன் தருபவை காற்றழுத்தமானியும், சிகரெட் லைட்டர் துளையில் செருகி ஓட்டும் சிறு காற்று பம்பும்தான். மணலுக்குள் இறங்கும் முன் காற்றை 15 பவுண்டுக்குக் குறைப்பதால் கிடைக்கும் பிடிப்பை, இதே விலையில் வேறு எந்த உதிரிப் பொருளும் தருவதில்லை. அதற்கும் கீழே போகப் போக டயர் விளிம்பிலிருந்து கழலும் ஆபத்து கூடுகிறது. தார்ச்சாலை வந்தவுடன் பழைய அளவுக்குக் காற்றடைத்துவிட வேண்டும். இல்லையெனில் வேகத்தில் தொடர்ந்து மடங்கி விரியும் பக்கச்சுவர் சூடேறி, சில பத்துக் கிலோமீட்டர்களுக்குள்ளேயே கிழியக்கூடும்.